பிடுங்காத ஒரு பிளக்

பயப்படுவதில் ஹில்க்கா ஹுவோத்தாரியை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக நான் நூலகப் பேருந்து ஓட்டுகிறேன். லௌஹிவாரா மேட்டில் வியாழக்கிழமை தோறும் பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்துவேன். ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், படியில் கால் வைக்கும்போதே ஹில்க்கா கேட்பாள்: "யாரு மேல மோதின?" வழியில் மான் குறுக்கே வந்ததா என்று கேட்கிற ஊரில், யார் மேல் என்று கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

சர்ச் இருக்கும் பெரிய ஊரின் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சமையல்காரியாக இருந்தாள். அந்த முப்பது வருடத்தில் ஒரு பிள்ளை தொண்டையிலும் மீன் முள் சிக்கியதில்லை. ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் தட்டில் போடுவாள் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அவள் பயத்தைக் கேலி செய்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நானும் கேலி செய்வேன், அது வேறு விஷயம்.

அவளுடைய பயங்களிலெல்லாம் மூத்தது இடி. ஏழு வயதில், பிறந்த வீட்டின் டெலிபோன் கம்பி வழியாக மின்னல் உள்ளே இறங்கி, சுவரில் மாட்டியிருந்த டெலிபோனைப் பெயர்த்து எதிர்ச் சுவரில் அடித்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கம் லேசாக உறுமினாலே வீட்டிலிருக்கும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். ரேடியோ, டிவி, ஃப்ரிட்ஜ், காபி போடும் மெஷின், கிணற்று மோட்டார். மொத்தம் பதின்மூன்று என்று அவள் கணவர் ரெய்னோ எண்ணி வைத்திருந்தார். இடி அதிகமான கோடையில் அவள் ஃப்ரீசரில் வைத்த பெர்ரிப் பழமெல்லாம் உருகி உருகி உறைந்து, ஒரே கட்டியாகிவிடும்.

ரெய்னோ மரம் வெட்டும் பெரிய இயந்திரங்கள் ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டாக்ஸி வந்து கயானி மருத்துவமனைக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப்போகும். ஒரு நாளைக்குக் குடிக்க அளந்து வைத்த அரை லிட்டர் தண்ணீர்தான், காபியும் அதற்குள் அடக்கம். ஜூலையில் ஊரே புது உருளைக்கிழங்கு தின்கிறபோது அவர் மட்டும் இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய சக்கையைத் தின்பார். மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஹெல்சிங்கியில் பெயர் பதிந்து இரண்டு வருடமாகியிருந்தது.

பதிந்த அன்று டாக்டர் சொன்னதை ஹில்க்கா எனக்கு நூறு முறை சொல்லியிருப்பாள். அழைப்பு எந்த நாளும் வரலாம், எந்த நேரமும் வரலாம். வந்தால் எடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் முயற்சி செய்வார்கள், ஆள் கிடைக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பயப்படவென்றே பிறந்த ஒருத்தியிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்?

அது போதாதென்று போன இலையுதிர் காலத்தில் டெலிபோன் கம்பெனி கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இனிமேல் எல்லோரும் கைபேசியிலேயே பேசிக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. எழுதின மகராசன் ஹுவோத்தாரி வீட்டை வந்து பார்த்திருக்க வேண்டும். ஏரிக்கும் மேட்டுக்கும் நடுவே பள்ளத்தில் இருக்கிறது, மேலே தகரக் கூரை. சமையலறையில் கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூடக் கிடையாது. சாமான் அறையில் முக்காலி மேல் ஏறி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் ஒரு கோடு வரும், பேச வாயைத் திறந்தால் போய்விடும்.

கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கார்ப்பினென் வந்தார். இன்டர்நெட்டுக்காக எல்லோரும் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்கிற விரல் அளவு மோடம் இருக்கிறதே, எங்கள் ஊரில் மொக்குலா என்போம், அதில் ஒன்றை அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் செருகினார். அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக் கூரைக் கம்பத்தில் ஆண்டெனா கட்டினார். நான்கு கோடு சிக்னல் வந்தது. ஹில்க்காவின் சிம்மை அதற்குள் போட்டு, திரையில் எண்களைத் திறந்து காட்டினார்.

"இதுலயே பேசலாம். கூப்பிட்டா ஸ்பீக்கர்ல மணி அடிக்கும். இந்தப் பச்சைய அமுக்கிட்டு மைக்குல பேசுங்க."

"உக்காந்து பேசுற ஃபோன்," என்றார் ரெய்னோ. "நல்லாத்தான் இருக்கு."

அப்படித்தான் மருத்துவமனையில் கொடுத்திருந்த அந்த எண், ஒரு கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. ஹில்க்கா அதை அணைக்கவே இல்லை. திரையில், "தொடாதே" என்று காகிதம் ஒட்டினாள், வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பிப்ரவரியில் ஒரு காலை கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. மோடத்தில் பேசுகிற புரோகிராம் மட்டும் திறக்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அதன் பிறகு ஔலுவில் இருக்கும் தங்கை மைரே லைன் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் காலை ஒருமுறை மணி அடித்துவிட்டு வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் ஒன்பது மணிக்கு என்று வைத்தார்கள். மூன்றாம் நாளே ஹில்க்காவுக்குப் புதுக் கவலை வந்துவிட்டது.

"ஒம்போது மணின்னா ஆஸ்பத்திரிக்காரங்களும் அப்பத்தான வேலைய ஆரம்பிப்பாங்க? ஒம்போது ஏழுக்குப் பண்ணு. ஒம்போது ஏழுக்கு யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க."

அந்தக் கம்ப்யூட்டருக்கு அதிகமாக வந்தது பத்திரிகைச் சந்தா விற்கிறவர்களின் அழைப்புதான். ஒவ்வொரு மணிக்கும் அவள் உயிர் போய் உயிர் வரும். ஒருமுறை லைன் சீக்கிரம் காலியாக வேண்டுமே என்ற பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி, தூண்டில் மீன்பிடிப்புப் பத்திரிகைக்கு ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டாள். ரெய்னோ வாழ்க்கையில் தூண்டில் தொட்டதில்லை. ஆனாலும் மாதா மாதம் வரி விடாமல் படித்தார்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான். பத்து மாதமாக அவர்கள் இருவரும் சேர்ந்து சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலறைக்கு, போகவில்லை. ஒருவர் நீராவியில் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்து வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். அதைச் சொன்னபோது மட்டும் ஹில்க்கா என்னைப் பார்க்காமல் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இனி அந்த வியாழக்கிழமை. மூன்று வாரமாக முப்பது டிகிரிக்குக் குறையாத ஜூலை. பத்தரை மணிக்கே ஏரிக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. வீட்டுக்குள் நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போயிற்று.

முதல் உறுமலிலேயே ஹில்க்கா பன்னிரண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பதின்மூன்றாவது கம்ப்யூட்டர். அதன் முன்னால் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ரெய்னோ, கம்பம் கூரைக்கு மேல நட்டுக்கிட்டு நிக்குது. இடி நேரா அதுலதான் இறங்கும்."

"பிடுங்கிடு. அரை மணி நேரம்தான?"

"அந்த அரை மணில கூப்பிட்டா?"

"அப்ப விட்டுடு."

"விட்டா வீடு எரியும்!"

"அப்ப பிடுங்கிடு."

"உனக்கென்ன, ஏதோ உன் சொந்த கிட்னி மாதிரி பேசுற!"

"பின்ன யாரோடதுடி அது?"

அவள் பிடுங்கவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் கம்பளி உறை போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மின்னலுக்கும் கண்ணை மூடினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. இதை ரெய்னோதான் சொன்னார். நாற்காலி ஆடுகிற அளவுக்கு நடுங்கினாளாம்.

பதினொன்றேகாலுக்கு எங்கேயோ மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது. திரை இருண்டது. பத்து மாதமாக நிற்காமல் ஓடிய கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் நின்றது. இடியைவிட அதுதான் பயமாக இருந்தது என்றாள். எங்கள் பக்கம் மின்சாரம் போனால் ஒரு மணியிலும் வரும், மூன்று நாளிலும் வரும்.

சாமான் அறை ஜன்னலை நம்ப அவள் தயாராக இல்லை. நல்ல சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, மொட்டையான லௌஹிவாரா மேடு. மொக்குலாவைப் பிடுங்கினாள். பழைய கைபேசி அலமாரியில் இருந்தது, அதற்கு ஞாயிறு தோறும் சார்ஜ் ஏற்றிவைப்பது அவள் பழக்கம். இரண்டையும் பெர்ரி போடுகிற பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள். காரை எடுக்கலாமென்றால் வீட்டுப் பாதையின் குறுக்கே பிர்ச் மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது.

"நீ ஆஸ்பத்திரிப் பையோட வாசல்ல உக்காரு," என்று ரெய்னோவிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் மேட்டில் பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தேன். மழையில் ஒரு ஆளும் வரவில்லை. மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று குனிந்து குனிந்து மேலே ஓடி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும் தரையில் உட்காரும், மறுபடி எழுந்து ஓடும். ஹில்க்கா என்று நான் நினைக்கவே இல்லை. இடி இடிக்கும்போது அவள் வெளியே வந்து நான் பார்த்ததே கிடையாது.

கதவைத் திறந்தேன். பையை என் மேஜை மேல் கொட்டினாள்.

"கரண்ட் போயிருச்சு, சினிக்கா. சிம்ம எடுத்து இதுல போடு. என் கை நிக்க மாட்டேங்குது."

என் கைபேசி வேறு கம்பெனி, அந்த மேட்டில் அதற்கு எடுக்காது, ஆகவே அது உதவாது. மொக்குலாவைத் திறந்து சிம்மை எடுத்து அவள் கைபேசியில் போட்டேன். திரை எரிந்தது. எரிந்ததும் நான்கு இலக்க ரகசிய எண்ணைக் கேட்டது.

"இது எதுக்கு நம்பர் கேக்குது? கம்ப்யூட்டர் கேக்கவே இல்லையே!"

கார்ப்பினென் அதைக் கம்ப்யூட்டரிலேயே நினைவில் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்து மாதமாக அவள் அந்த எண்ணை நினைக்க வேண்டிய தேவையே வரவில்லை. பதற்றத்தில் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று அழுத்தினாள். தவறு. கல்யாண வருடத்தை அழுத்தினாள். தவறு. இன்னும் ஒரு முறைதான் என்று கைபேசி சொன்னது. மூன்றாவதும் தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கிற எண், வீட்டில் முப்பது வருட உத்தரவாதச் சீட்டுகள் நிரம்பிய தகர டப்பாவில் இருந்தது.

"யோசிச்சுப் பாரு. நீயே வெச்ச நம்பரா?"

"எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான் வெச்சிருக்கேன். பேங்க் கார்டுக்கு, உன் லைப்ரரி கார்டுக்கு, எல்லாத்துக்கும். இப்ப வரமாட்டேங்குது. மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்ல, சினிக்கா!"

நூலக அட்டை! எங்கள் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டுக்காரர்கள் வீட்டில் மறந்து வைத்துவிடுவோம் என்று அட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போவார்கள், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் கிடக்கும். ஹில்க்கா தன் அட்டையின் பின்னால் ரகசிய எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். பெட்டியைக் கவிழ்த்து அவள் அட்டையைத் தேடி எடுத்துத் திருப்பினேன்.

வெறுமையாக இருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ரகசிய எண்ணை அட்டையிலேயே எழுதுகிற அறிவாளி நீ ஒருத்திதான் என்று நான்தான் அவளைப் பல வருடம் திட்டினேன். அந்த வசந்தத்தில் என் கண் முன்னால், என் ரப்பரை வாங்கி, அழித்துக் காட்டினாள். சொல் பேச்சுக் கேட்டதற்கு அன்று நான் அவளைப் பாராட்டி வேறு இருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து அட்டையைச் சாய்த்துப் பிடித்தேன். ஹில்க்கா எதை எழுதினாலும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதுபோல் அழுத்தித்தான் எழுதுவாள். பென்சில் போயிருந்தது, பள்ளம் இருந்தது.

"நாலு... பூஜ்யம்... ஏழு. கடைசி நம்பர் ஒண்ணா ஏழான்னு தெரியல."

"நாலு பூஜ்யம் ஏழு..." அவள் விரலால் காற்றில் டயல் செய்து பார்த்தாள். "ஏழு! பள்ளிக்கூடச் சமையல்கட்டு ஃபோனோட கடைசி நாலு நம்பர். ஏழுதான்!"

"நிச்சயமா?"

"முப்பது வருசம் அந்த ஃபோன எடுத்திருக்கேன்டி. அமுக்கு."

நான் அமுக்கினேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் பேருந்து முழுக்கத் தகரம், உள்ளே ஒரு கோடு வந்து வந்து போயிற்று. ஹில்க்கா கைபேசியை வாங்கிக்கொண்டு கதவருகே போனாள். அந்த நேரம் பார்த்து ஏரிக்கு மேல் மின்னல் வெட்டியது, வெட்டின கையோடு இடி. வண்டி அதிர்ந்தது.

"வெளிய போகாத! மொட்டை மேடு இது!" என்று கத்தினேன்.

போய்விட்டாள். பத்தடி தள்ளிப் பாறை மேல் ஏறி நின்றாள். நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கைபேசியில் வெளிச்சம் வந்தது. அவள் அதைக் காதில் வைத்தாள். அதன் பிறகு அவள் குனியவே இல்லை. மேலே வானம் கிழிந்துகொண்டிருந்தது, அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு ஆர்டர் கொடுப்பவள் மாதிரி நிமிர்ந்து நின்று, தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நான்கு நிமிடம் பேசியிருப்பாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

உள்ளே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"கிட்னி கிடைச்சிருச்சு. காய்ச்சல் இருக்கா, காலைல என்ன சாப்பிட்டாருன்னு கேட்டாங்க. இருபது நிமிசமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அவசரத்துக்குன்னு குடுத்திருந்த மைரே நம்பர்லயும் கேட்டாங்களாம். இன்னும் ஒரு தடவை பாத்துட்டு அடுத்த ஆளக் கூப்பிடலாம்னு இருந்தாங்களாம்." மூச்சு வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இடி நின்னுருச்சா?"

அவள் கேட்கும்போதே இடித்தது. "நின்னுருச்சு," என்றேன்.

வண்டியை எடுத்தேன். நூலகப் பேருந்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, யாராவது கேட்டால் கேட்கட்டும். பாதை முனையில் ரெய்னோ, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, சாய்ந்த பிர்ச் மரத்தின் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறி வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கென்று ஹில்க்கா மாதா மாதம் பிரித்து அடுக்கிய அந்தப் பை கையில் இருந்தது. குழந்தைப் புத்தகங்களுக்கு நடுவே இருக்கிற குட்டை பெஞ்சில் முழங்கால் முகத்துக்கு வர உட்கார்ந்தார். சர்ச் ஊர் வரைக்கும் வண்டியை விரட்டினேன். அங்கே விமான நிலையத்துக்குப் போக மருத்துவமனை ஏற்பாடு செய்த டாக்ஸி காத்திருந்தது. இறங்கும்போது ரெய்னோ, "இந்த மாசத்து மீன் புஸ்தகத்த இன்னும் முடிக்கல," என்றார். டாக்ஸிக் கண்ணாடியை இறக்கி ஹில்க்கா வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் மதியம் மின்சாரம் வந்தது. போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு பிளக்கும் தரையில் கிடந்தன, ஒவ்வொன்றும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஒவ்வொன்றாக மாட்டினேன். பதின்மூன்றாவது மட்டும் சுவரிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் தானாக ஓடத் தொடங்கி, மோடம் இணைக்கப்படவில்லை என்று திரையில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செய்தி எதுவும் வரவில்லை. வெள்ளி இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இந்த வியாதி ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை என் வீட்டில் கைபேசி அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது ஏழு.

"சினிக்கா," என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு, ஹில்க்கா."

"ஒண்ணுக்கு வந்துருச்சு." அழுதுகொண்டிருந்தாள். "இருநூறு மில்லி. நர்ஸம்மா பைய தூக்கிக் காட்டினாங்க. மஞ்சளா இருக்கு, சினிக்கா. மூணு வருசமா ஒரு சொட்டு இல்ல."

நானும் அழுதேன், வெட்கமென்ன இதில். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். பிறகு அவள் பழைய குரலுக்கு வந்துவிட்டாள்.

"ஃப்ரிட்ஜ் பிளக்க மாட்டினியா?"

"மாட்டினேன்."

"ஃப்ரீசர்?"

"அதுவும்."

"கம்ப்யூட்டர்?"

"அத நீ பிடுங்கவே இல்லையே. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அதப் பிடுங்கிடு," என்றாள்.